கைகொடுக்கலாகாது, சொல் கொடுக்கலாம்

(தேனாம்பேட்டையில், டிரையத்லான் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாள்தோறும் விடியற்காலை மூன்றரை மணிக்கே எழுந்து பழகிவிட்டபடியால் மாலை ஏழு மணிக்கே கொட்டாவியை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் டிரையத்லான் வீரர்களே, வீராங்கனைகளே!

இந்த மேடையில் நின்று பேச இவருக்கு என்ன யோக்கியதை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும், நினைப்பது நியாயந்தான். எனக்கு நீந்தத் தெரியாது. மிதிவண்டியை விட்டிறங்கி வெகுகாலம் ஆயிற்று. பேருந்து புறப்பட்டுவிட்டால் அதன் பின்னால் ஓடுவதைக் கௌரவக் குறைவாகக் கருதுகிற வயதும் வந்துவிட்டது. ஆயினும், தேனாம்பேட்டைவாசியாகிய நான், காலையில் நடக்கிற போட் கிளப் சாலையிலும், நடந்து முடித்தபின் காபி அருந்துகிற கடையின் வாசலிலும் உங்களைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். கண்டதைக் காட்டிலும் அதிகமாகக் கேட்டுவருகிறேன். நீங்கள் ஓடுவதைக் காட்டிலும் ஓடியதைப் பற்றிப் பேசுவது எனக்கு ஸ்வாரஸ்யமாக இருக்கிறது. ஆகையால் உங்கள் ஓட்டத்தைப் பற்றியல்ல, உங்கள் பேச்சைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். பந்தயத்திலிருந்து திரும்பியவர் தம் அனுபவத்தை மற்றவருக்குச் சொல்வதும், சொல்வதன் வாயிலாக அவரைத் தேற்றுவதும், தூண்டுவதும், சில வேளைகளில் தடுப்பதுமே என் பொருள்.

இந்தப் பேச்சுக்கு ஏற்ற ஊர்தான் இது. இங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், நந்தனத்தில், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் தோற்றுவித்த அந்தக் கல்லூரியே ஆசியாவில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க எழுந்த முதல் நிலையம் என்பார்கள். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற இந்தியக் குழுவை அழைத்துப் போனவரும் அவரே. பதக்கம் வாங்குபவனுக்கு மட்டும் உரியதாக விளையாட்டை அவர் கருதவில்லை. கிராமப் பள்ளியின் கடைசி வரிசைச் சிறுவனுக்கும் அது உரியது என்று கருதினார். நூறு ஆண்டு கழிந்தபின், வங்கியில் வேலை பார்ப்பவரும், மருத்துவரும், மென்பொருள் எழுதுபவரும், மளிகைக் கடை வைத்திருப்பவரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகம் செல்லும் தாயும் அதே வட்டாரத்துச் சாலைகளில் பொழுது புலருமுன் மிதிவண்டி விளக்கை ஏற்றிக்கொண்டு அடையாறு வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை நோக்கிப் புறப்படுகிறார்கள் என்றால், அவருடைய ஆசை முழுவதும் வீண்போகவில்லை என்றே சொல்லலாம்.

அன்பர்களே, உங்கள் விளையாட்டு எங்கே பிறந்தது? மைதானத்திலா? கடலிலா? இல்லை. அது பேச்சிலே பிறந்தது!

1977-ம் ஆண்டு, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில், ஓர் ஓட்டப் பந்தயத்தின் பரிசளிப்பு விழாவில், உடல்வலிமையில் சிறந்தவர் நீந்துகிறவரா, ஓடுகிறவரா என்று ஒரு வாக்குவாதம் எழுந்தது. மிதிவண்டிக்காரர்களை மறந்துவிட்டீர்களே என்றார் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி. அந்தத் தீவில் ஏற்கெனவே மூன்று நீண்ட பந்தயங்கள் தனித்தனியே நடந்துவந்தன: வைகிக்கிக் கடல் நீச்சல், தீவைச் சுற்றி வரும் மிதிவண்டிப் பந்தயம், ஹோனலூலு மாரத்தான். மூன்றையும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று அவரும் அவர் மனைவி ஜூடியும் முடிவு செய்தார்கள். ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஓட்டம். 1978 பிப்ரவரி 18-ம் தேதி பதினைந்து பேர் கடலில் இறங்கினார்கள். பன்னிரண்டு பேர் கடைசிவரை வந்து சேர்ந்தார்கள். கோர்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக முடித்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் கதை இன்னும் வேடிக்கையானது. அவருடன் வந்த நண்பர்களிடம் ஓட்டத்தின்போது தண்ணீர் தீர்ந்துபோயிற்று. கைவசம் இருந்த பீரைக் கொடுத்து ஓடச் சொன்னார்கள்! இன்றைய பயிற்றுநர் யாராவது அன்று அங்கே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றுண்டு. போட்டியாளர்களுக்குக் கொடுத்த குறிப்பில் காலின்ஸ் மூன்று தூரங்களையும் எழுதிவிட்டு, முடித்தவர்கள் வாழ்நாள் முழுவதும் பெருமையடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதிச் சேர்த்தாராம். பணமுடிப்பு இல்லை, பட்டம் இல்லை, சொல்லிக்கொள்வதற்கு ஒரு கதை உண்டு. அதுதான் பரிசு. ஆதலால், காபிக் கடை வாசலில் நீங்கள் அரை மணி நேரம் கதை பேசுவதைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் சலித்துக்கொண்டால், "இது இந்த விளையாட்டின் ஆதி சம்பிரதாயம்" என்று தைரியமாகப் பதில் சொல்லுங்கள்.

பெருமையடித்துக்கொள்வது ஒரு வகைப் பேச்சு. அதைக் காட்டிலும் உயர்ந்த வகை ஒன்று இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் உங்கள் விதிகளைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த விதிகளை ஓர் அன்பர் எனக்குப் படித்துக் காட்டினார். எவ்வளவு கண்டிப்பு! வெளியார் எவரும் போட்டியாளருக்கு உதவலாகாது. வழியில் நிற்கும் மனைவி கணவனுக்கு ஒரு வாய் மோர் நீட்டலாகாது. நண்பன் கூடவே ஓடி வேகம் காட்டலாகாது. உங்களைப் போன்ற அமெச்சூர்கள் முன்னே செல்லும் மிதிவண்டியின் நிழலில் ஒட்டிக்கொண்டு காற்றின் எதிர்ப்பிலிருந்து தப்பவும் கூடாது. பெரிய பந்தயங்களில் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். சக போட்டியாளர் ஒரு டியூபையோ தண்ணீர்ப் புட்டியையோ கொடுத்தால் பொறுத்துக்கொள்வார்கள். அதற்குமேல் கைகொடுக்கலாகாது.

1982-ல் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவிக்கு நேர்ந்தது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இங்கே வந்திருக்கும் உங்கள் குடும்பத்தாருக்காகச் சொல்கிறேன். தம் படிப்புக்கான ஆராய்ச்சிக்கென்றே ஹவாய்ப் போட்டிக்கு வந்தவர் அந்தப் பெண். பெண்கள் வரிசையில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கால்கள் துவண்டு விழுந்தார். எழுந்தார்; மறுபடியும் விழுந்தார். சுற்றிலும் ஜனத்திரள். ஒருவராவது தொடலாமா? தொட்டால் தகுதி போய்விடும் என்ற அச்சம். அவர் விழுந்து கிடந்தபோதே கேத்லீன் மெக்கார்ட்னி என்பவர் அவரைக் கடந்து சென்று முதலிடம் பெற்றார். ஜூலி மாஸ் எஞ்சிய தூரத்தைத் தவழ்ந்தே வந்து, இருபத்தொன்பது விநாடி பின்னால், கோட்டின்மேல் கையை வைத்தார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகே எண்ணற்ற சாதாரண மனிதர்கள் இந்த விளையாட்டின் பக்கம் திரும்பினார்கள். வென்றவரின் பெயரைக் காட்டிலும் தவழ்ந்தவரின் பெயரே இன்று பலருக்கு நினைவிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

2016-ல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இதற்கு நேர்மாறான காட்சி. ஒரு டிரையத்லான் பந்தயத்தில் முன்னணியில் ஓடிய ஜானி பிரவுன்லீ என்ற வீரர் வெப்பத்தால் தள்ளாடத் தொடங்கினார். பின்னால் வந்த தமையன் அலிஸ்டர் தம் வெற்றியைப் பொருட்படுத்தாமல் தம்பியைத் தோளோடு தாங்கி இழுத்து வந்து கோட்டுக்கு அப்பால் தள்ளினார். தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமன் அவர்களைக் கடந்து சென்று வென்றார். தம்பி இரண்டாமவர், அண்ணன் மூன்றாமவர். உலகமே கண்ணீர் மல்கியது. விதி வகுப்பவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு போட்டியாளர் மற்றொருவரைத் தாங்கி முன்னே நகர்த்தலாகாது என்று பிற்பாடு விதியை இறுக்கிவிட்டார்கள்! அது சரியா என்று என்னைக் கேட்டால், விதி சரி, அண்ணனும் சரி என்பேன்.

ஆக, கைக்குத் தடை, தோளுக்குத் தடை, மோருக்குக்கூடத் தடை. எதற்குத் தடை இல்லை? ஊக்கமூட்டும் ஒரு சொல்லுக்குத் தடை இல்லை! மிதிவண்டியில் எதிரே வருபவர் உங்கள் முகத்தைப் பார்த்து, "வாங்க ஜி, திரும்புற இடம் இதோ வந்துடுச்சு, போகும்போது எதிர்க்காத்து, வரும்போது இல்ல" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போகிறாரே, அதை எந்த நடுவரும் தடுக்க முடியாது. போட்டி நாளன்று சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லப்பட்ட ஆயிரம் வாக்கியங்கள் இருக்கின்றன.

நம் நாட்டில் இந்த மரபு புதிதன்று. சபரிமலைக்கு முதன்முறை மாலை போட்ட கன்னிசாமியைக் குருசாமி எப்படி அழைத்துச் செல்கிறார்? அவர் சுமையைத் தாம் வாங்கிக்கொள்வதில்லை. இருமுடியை அவரவர்தான் சுமக்க வேண்டும். ஆனால் நீலிமலை ஏற்றத்தில் எங்கே மூச்சு வாங்கும், எந்த இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, எப்போது பேசாமல் நடக்க வேண்டும் என்பதையெல்லாம் தாம் நடந்த பாதையிலிருந்து எடுத்துச் சொல்கிறார். உங்களில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் செய்வது அதுவே. சுமையை வாங்குவதில்லை, பாதையைச் சொல்கிறார்கள்.

சொல்வது என்றால் எதைச் சொல்வது? இங்கேதான், அன்பர்களே, நல்ல அனுபவக் கதைக்கும் வெற்று வர்ணனைக்கும் உள்ள பேதத்தை நாம் கவனிக்க வேண்டும்.

நாற்பது வயதுக்குமேல் நீச்சல் கற்றுக்கொண்ட ஓர் அம்மையார் ஒரு நாள் காபிக் கடை வாசலில் சொல்லக் கேட்டேன். நம் ஊரில் பெரும்பாலோர் முதலில் ஓடக் கற்கிறார்கள். பிறகு மிதிவண்டி வாங்குகிறார்கள். தண்ணீருக்குக் கடைசியில்தான் வருகிறார்கள். அவரும் அப்படித்தான். குளத்தில் தைரியமாக நீந்தப் பழகிவிட்டார். முதன்முறையாகக் கடலில் இறங்கிய அன்று என்ன ஆயிற்று? "ஆழத்தைப் பார்த்துப் பயப்படலீங்க. அலையையும் பார்த்துப் பயப்படல. குளத்துல தரையில ஒரு கறுப்புக் கோடு போட்டிருப்பாங்க இல்ல, அதைப் பார்த்துக்கிட்டே நீந்திப் பழகிட்டேன். கடல்ல தலையை உள்ள விட்டா ஒண்ணுமே தெரியல. கோடு இல்ல. அதான் பயம்!" என்றார். சுற்றி நின்றவர்கள் ஒரு கணம் மௌனமானார்கள். பிறகு ஒவ்வொருவராக, தமக்கும் அப்படித்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். சில வீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கிக் கரையிலுள்ள ஏதாவது ஓர் உயரமான கட்டடத்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற உபாயத்தைப் பயிற்சிப் புத்தகம் சொல்லியிருக்கும். ஆனால் எதைக் கண்டு பயம் வரும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. அந்த அம்மையார் சொன்னார். அன்று அதைக் கேட்ட பெண் ஒருத்தி பிறகு கடலில் இறங்கும்போது, அந்தப் பயம் வரும், வந்தபின் போகும் என்று அறிந்தே இறங்கியிருப்பாள் அல்லவா?

நம் கடல் லேசுப்பட்டதன்று. சென்னைக் கரையோரத்து நீரோட்டம் ஆண்டில் சில மாதம் வடக்கு நோக்கியும் சில மாதம் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. பருவம் மாறுகிற வாரங்களில் என்ன செய்யும் என்று ஊரூர் குப்பத்து மீனவரைத்தான் கேட்க வேண்டும். எலியட்ஸ் கடற்கரையில், நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் 1930-ல் உயிர் நீத்த கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அது ஏன் அங்கே நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். டிரையத்லான் பந்தயங்களில் நேர்ந்திருக்கும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலின்போதே நேர்ந்தவை. காரணங்களில் சிலவற்றை ஊகிக்கலாம். கூட்டமாக இறங்குகிறார்கள்; ஒருவர் கை மற்றவர் முகத்தில் படுகிறது; நெஞ்சு படபடக்கிறது. ஓட்டத்தில் மூச்சு முட்டினால் நின்றுவிடலாம். தண்ணீரில் நிற்க இடம் ஏது?

தமிழருக்குக் கடலை நீந்திக் கடந்த பெருமையும் உண்டு. கடலில் இழந்த துக்கமும் உண்டு. 1954-ல் ஈழத்து நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன், ஆழிக்குமரன் என்று மக்கள் அழைத்த அந்த வீரர், 1971-ல் அதே நீரிணையைப் போக வர இரு வழியும் நீந்தினார். 51 மணி நேரம் ஆயிற்று. 1984 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் துறந்தார். அதற்குச் சரியாகப் பத்தாண்டு கழித்து, 1994-ல், சென்னையில் நீச்சல் பயின்ற குற்றாலீஸ்வரன் என்ற சிறுவன் பன்னிரண்டாம் வயதில் அந்தக் கால்வாயைக் கடந்தான். ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிஹிர் சென் என்ற நீச்சல் வீரரின் ஐந்து என்ற சாதனையையும் தாண்டினான். அந்தப் பையன் பிற்பாடு பண உதவி கிடைக்காமல் நீச்சலை நிறுத்திக்கொண்டு பொறியியல் படிக்கப் போனான் என்பது நம் ஊர் வெட்கப்பட வேண்டிய செய்தி. அன்று அவனைச் சுற்றி உங்களைப் போல ஒரு கூட்டம் இருந்திருந்தால் பணம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், தனிமையாவது குறைந்திருக்கும்.

தனிமையைப் பற்றிச் சொல்லும்போது அனு வைத்தியநாதனைச் சொல்லாமல் இருக்க முடியாது. பத்து கிலோமீட்டர் நீச்சல், 420 கிலோமீட்டர் மிதிவண்டி, 84 கிலோமீட்டர் ஓட்டம் என மூன்று நாள் நடக்கும் அல்ட்ராமேன் என்ற கொடும்போட்டியை 2009-ல் கனடாவில் முடித்தவர் அவர். இந்தியாவில் அப்போது இந்தப் பாதையில் முன்னே நடந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஒரு பெண்ணுக்கு அதுவும் இல்லை. பிற்பாடு தம் அனுபவங்களை அவர் புத்தகமாக எழுதினார். எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம். கேட்பதற்கு யாரும் இல்லாத பாதையில் நடந்தவர், பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்கும்படி பேசிவைத்தார். 2015-ல் மிலிந்த் சோமன் 49-ம் வயதில் ஜூரிக்கில், காலின்ஸ் வகுத்த அதே தூரங்களைக் கொண்ட அயர்ன்மேன் போட்டியை முடித்தபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 2019 அக்டோபர் 20-ம் தேதி கோவாவின் மிராமார் கடற்கரையில் அதன் பாதித் தூரப் போட்டி முதன்முறையாக நடந்தது. அதன்பின் இது அயல்நாட்டுச் சமாசாரமாக இல்லாமல், ரயிலில் மிதிவண்டியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய் வரக்கூடிய காரியமாயிற்று. சென்னையிலும் மலையேற்றக் குழுவினரும் ஓட்டக் குழுவினரும் மிதிவண்டிக் குழுவினரும் சேர்ந்து உழைத்ததால் உள்ளூரிலேயே இந்தப் பழக்கம் வேரூன்றியது.

இனிச் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள், உங்கள் பேச்சில் பாதி சாப்பாட்டைப் பற்றியது என்பதை நான் அறிவேன்! கோவாப் போட்டியில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் மிதித்து, 21.1 கிலோமீட்டர் ஓட உங்களுக்குத் தரப்படும் அவகாசம் எட்டரை மணி. உடலில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து கடும் உழைப்பில் இரண்டு மணி நேரம் தாங்கினால் உண்டு. பிறகு? சாப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். சாப்பிட்டதை வயிறு ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளை வாங்கிப் பார்த்து, நம் வெயிலில் குமட்டிப்போய், கடலை மிட்டாய்க்கும் பேரீச்சம்பழத்துக்கும் உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்குக்கும் திரும்பியவர்களின் சரித்திரத்தை நான் அந்தக் காபிக் கடையிலேயே முழுமையாகக் கற்றேன். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வடிகிறதேயன்றி உலர்வதில்லை. உலர்ந்தால்தானே உடல் குளிரும்? ஆகவே சூடும் ஏறுகிறது, உப்பும் போகிறது. தாகம் என்று வெறுந்தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கமும், சில சமயம் அதைவிடக் கொடியதும் நேரும். ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிக்கரையில் எழுதப்பட்ட அட்டவணை நம் மே மாதத்துக்கு எப்படிப் பொருந்தும்? மகாபலிபுரம் வரை போய்த் திரும்பும்போது கோவளத்தருகே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டவர் தாம் எவ்வளவு குடித்தார், எவ்வளவு உப்புச் சேர்த்தார், வெயில் எத்தனை மணிக்கு ஏறியது என்று சொல்கிறாரே, அதுதான் நமக்குப் பொருந்துகிற சாஸ்திரம். ஆயினும் ஓர் எச்சரிக்கை: ஒருவர் வயிற்றுக்கு ஒத்தது மற்றவருக்கு ஒத்தே தீரும் என்ற நியதி இல்லை. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு ஓடுகிற ஓர் அன்பரை எனக்குத் தெரியும். எல்லோரும் முயல வேண்டாம்.

இதுவரை உங்களைப் புகழ்ந்தேன். புகழ்ந்துவிட்டே போய்விட்டால் நான் உங்களுக்கு நண்பனாக மாட்டேன்.

உத்ஸாகம் என்ற பெயரில் நடக்கும் சில காரியங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. முழங்கால் வீங்கி நொண்டி வருகிறவரைப் பார்த்து, "வலி எல்லாம் மனசுலதான் ஜி, விடாதீங்க" என்கிறார் ஒருவர். வலி மனத்தில் இல்லை, ஐயா, முழங்காலில் இருக்கிறது! நெஞ்சில் அழுத்தம் என்று ஒருவர் தயங்கினால், அவரை நிறுத்தி உட்காரவைத்து மருத்துவரிடம் அழைத்துப் போவதே அந்தச் சமயத்தில் கொடுக்கத்தக்க உத்ஸாகம். "இன்னிக்குப் போதும், எறங்கிடுங்க" என்ற சொல்லைச் சொல்லத் தெரியாதவர் மற்றவரை ஊக்கப்படுத்தும் அதிகாரத்தை ஏற்றுக்கொள்ளலாகாது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, மிதிவண்டியின் விலை. சில உரையாடல்களில் சக்கரம் எத்தனை லட்சம், சட்டம் எந்தக் கம்பெனி என்பதைத் தவிர வேறெதுவும் காதில் விழுவதில்லை. புதிதாக வந்த இளைஞன், ஒரு பழைய கியர் சைக்கிளைப் பிடித்தபடி, கூட்டத்தின் விளிம்பில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மறு ஞாயிறு அவன் வருவதில்லை. அவனைத் துரத்தியது யார்? ஒருவரும் கடிந்து பேசவில்லை. ஆயினும் பேச்சே துரத்திவிட்டது.

மூன்றாவது விஷயம், பெண்கள். அதிகாலை நான்கு மணிக்குத் தனியே சாலையில் போகிற பெண்ணுக்கு, அடுத்த தெருப் பெண்ணும் கூட வருகிறாள் என்பதே முதல் உத்ஸாகம். பிறகுதான் மற்ற உபதேசம். எந்தச் சாலையில் விளக்கு எரிவதில்லை, எங்கே தெருநாய் துரத்தும், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறை திறந்திருக்கும் என்பவை அவர்களுடைய அனுபவக் கதைகளில் முதன்மையான அத்தியாயங்கள். ஆண்கள் சொல்லும் கதைகளில் அவை வருவதேயில்லை. வராததால் அவை இல்லை என்று ஆகிவிடாது.

இவற்றைக் காட்டிலும் என் மனத்தை அதிகம் உறுத்துவது ஒன்று இருக்கிறது. முடித்தவர்கள் பேசுகிறார்கள், முடிக்காதவர்கள் பேசுவதில்லை. பந்தயம் முடிந்த மறுவாரம் கழுத்தில் பதக்கத்துடன் வருகிறவரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. கால அவகாசம் கடந்து வழியில் நிறுத்தப்பட்டவர், முடிக்கவில்லை என்று பொருள்படும் "டி.என்.எஃப்." என்ற மூன்று எழுத்துகளைப் பெயருக்குப் பக்கத்தில் வாங்கிவந்தவர், அந்த வாரம் காபிக்கு வருவதில்லை. யோசித்துப் பாருங்கள்: இருவரில் யாரிடம் நாம் அதிகம் கற்க முடியும்? முடித்தவருக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது; ஏன் நடந்தது என்பது அவருக்கே முழுக்கத் தெரியாது. நின்றவர் அப்படியல்ல. எந்தக் கிலோமீட்டரில் தவறு தொடங்கியது, எந்தப் புட்டியைக் குடிக்காமல் விட்டார், எந்த மேட்டில் ஆசைப்பட்டு வேகமாக ஏறினார் என்று ராத்திரி முழுவதும் படுக்கையில் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கு முழுவதும் அவரிடம் இருக்கிறது. நாம் அதைக் கேட்பதில்லை. கேட்டால் அவர் மனம் நோகுமோ என்று தயங்குகிறோம், கேட்காததால்தான் நோகிறது.

ஹவாயில் கோனா நகரத்தில் நடக்கும் பெரும்போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே பதினேழு மணி நேர அவகாசம் நள்ளிரவையொட்டி முடியும். பகலிலேயே முடித்து, குளித்து, உண்டு, ஓய்ந்த முன்னணி வீரர்கள் இரவு மீண்டும் முடிவுக்கோட்டருகே வந்து நின்று, கடைசியாக வருகிறவர்களைக் கைதட்டி வரவேற்கிறார்கள். 2018-ல் ஜப்பானியரான ஹிரோமு இனாடா 85-ம் வயதில் அந்தக் கோட்டைக் கடந்தார். எண்பத்திரண்டாம் வயதில் கனடாவில் அயர்ன்மேன் முடித்த மடோனா பூடர் ஒரு கன்னிகாஸ்திரீ. அப்படிப்பட்டவர்களுக்குக் கைதட்டும் கூட்டம் நள்ளிரவில் கலையாமல் நிற்கிறது. நம் ஊர்ப் பந்தயங்களிலோ, கடைசி ஆள் வருவதற்குள் பந்தலைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்! வாழைப்பழமும் தீர்ந்துபோயிருக்கும். இது பெரிய செலவுள்ள காரியமல்ல. முடித்தவர்களில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போகாமல் நின்றால் போதும்.

இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்தபோது தலைவரிடம் ஒரு நிபந்தனை விதித்தேன். அவர் அன்புடன் ஒப்புக்கொண்டார். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் மீதியை நான் விரும்புகிற ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அது. அதோ, மூன்றாம் வரிசையின் ஓரத்தில், எப்போது எழுந்து போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர், கோவாவில் மிதிவண்டிப் பகுதியில் அவகாசம் கடந்து நிறுத்தப்பட்டவர். அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். ஆறுதல் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். நீச்சலிலிருந்து எழுந்து வந்தபோது கடிகாரம் என்ன காட்டியது, முதல் சுற்றில் என்ன சாப்பிட்டார், டயரில் எவ்வளவு காற்று வைத்திருந்தார், நிறுத்தச் சொல்லிக் கை காட்டியவர் என்ன சொன்னார், திரும்பி வரும் வண்டியில் கூட இருந்தவர்கள் யார், அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒன்றுவிடாமல் கேளுங்கள். அடுத்த முறை போகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாருங்கள், ஐயா, மேடைக்கு வாருங்கள். ஒலிபெருக்கியைச் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அதை என் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன்.